கையை விட்டுக் காலைப் பாருங்கள்: வைப்ரஃபோன் மூவர் குழுவைக் கேட்க ஓர் அறிமுகம்

என் அக்கா மகன் பட்டர்வொர்த்தில் இருக்கிறான். உறுமி மேளக் குழுவில் வாசிப்பவன். தைப்பூசம் வந்துவிட்டால் தண்ணீர்மலைப் பக்கமே கிடப்பான், வீட்டுக்கு வரமாட்டான். போன மாதம் ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் எனக்கு ஓர் இணைப்பு அனுப்பினான். புதிதாக வெளியான ஜாஸ் ஆல்பம். அட்டையில் மூன்று பேர், நடுவில் நீளமான உலோக மேசை மாதிரி ஒன்று. கீழே அவன் கேள்வி: "மாமா, இது ஏர்போர்ட்ல அறிவிப்புக்கு முன்னாடி வர்ற சத்தம்தானே? இத வச்சி ஒரு மணி நேரம் என்ன பண்றாங்க?"

நியாயமான கேள்விதான். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை பசியாற வந்தவனை உட்கார வைத்து, தோசைக்கும் தே தாரிக்குக்கும் நடுவில் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கருவி. பெயர் வைப்ரஃபோன், வாசிப்பவர்கள் வாயில் 'வைப்ஸ்'. பியானோவின் வெள்ளை, கறுப்புக் கட்டைகளைப் போலவே இரண்டு வரிசையில் அலுமினியப் பட்டைகள். வழக்கமான கருவியில் 37 பட்டைகள், மூன்று ஸ்தாயி. நூல் சுற்றிய உருண்டைத் தலைக் கோலால் அவற்றைத் தட்டுவார்கள். ஒவ்வொரு பட்டைக்கும் நேர் கீழே ஒரு குழாய் தொங்கும். தாழ்ந்த சுரத்துக்கான குழாய்க்குள் இருக்கும் காற்றுத்தூணின் நீளம் ஏறக்குறைய அரை மீட்டர், அதாவது ஒரு முழத்துக்குச் சற்று மேல். உச்சிச் சுரத்துக்கு அது சுண்டுவிரல் அளவுதான். பட்டை எழுப்பும் சுரத்துக்கு ஏற்ற நீளத்தில் குழாய் இருந்தால்தான் உள்ளே இருக்கும் காற்றும் கூடவே அதிர்ந்து ஒலியைப் பெரிதாக்கும். இன்னொரு விஷயமும் உண்டு. முன்பக்கம் வரிசையாகத் தெரியும் குழாய்கள் எல்லாமே முழு நீளத்துக்கு வேலை செய்வதில்லை. பல கருவிகளில் குழாய் வெளியே நீளமாகத் தெரியும், உள்ளே பாதியில் அடைத்திருப்பார்கள். மீதி வெறும் அழகுக்கு.

மலேசியாவில் பள்ளிக்கூடம் போன யாரும் இதற்கு ஓர் உறவுக்காரனைப் பார்த்திருப்பார்கள். பள்ளி விழாவில் கமலான் என்ற வாத்தியக் குழுவில் வாசிக்கும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 'சாரோன்' என்று ஒன்று உண்டு, மரப்பெட்டி மேல் உலோகப் பட்டைகள் வைத்தது. வாசிக்கிற பிள்ளை வலது கையால் ஒரு பட்டையைத் தட்டும். அடுத்த பட்டைக்குப் போகும்போது இடது கை பின்னாலேயே வந்து முந்தைய பட்டையைப் பிடித்து அடக்கும். அடக்காவிட்டால் பழைய சுரமும் புதுச் சுரமும் கலந்து கச்சாமுச்சா ஆகிவிடும். உலோகத்தின் குணமே அதுதான், தட்டினால் லேசில் அடங்காது. மரப்பட்டை சைலஃபோனில் இந்தத் தொல்லை இல்லை. 'டொக்' என்றால் அத்தோடு முடிந்தது.

வைப்ரஃபோனில் அந்த இடது கை வேலையைக் கால் செய்கிறது. இரண்டு வரிசைப் பட்டைகளும் சந்திக்கும் நடு இடத்தில், அடியில், கம்பளித்துணி ஒட்டிய நீளமான சட்டம் ஒன்று இருக்கும். சும்மா இருக்கும்போது அது பட்டைகளைத் தொட்டபடி நிற்கும். அப்போது தட்டினால் சத்தம் மொட்டையாக வரும். பெடலை மிதித்தால் சட்டம் கீழே இறங்கி எல்லாப் பட்டைகளையும் விட்டுவிடும். இப்போது தட்டினால் தாழ்ந்த சுரங்கள் பல வினாடிகள் ஒலித்துக்கொண்டே இருக்கும். காலை எடுத்தால் அந்த நொடியே மௌனம்.

கோல் சுரத்தைத் தொடங்கி வைக்கும், அவ்வளவுதான். முடித்து வைப்பது கால். புதிதாகக் கேட்பவர்கள் எல்லாரும் கோல் பறக்கிற வேகத்தைப் பார்த்தே வாய் பிளக்கிறார்கள். என் கணக்கில் நல்ல வாசிப்பாளர் யார், சுமாரானவர் யார் என்பது காலில்தான் தெரியும். அக்கா மகன் இதை உடனே பிடித்துக்கொண்டான். உறுமியில் ஒரு பக்கம் வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்க்கும்போதுதானே அந்த உறுமல் வருகிறது? அழுத்தம் விட்டால் உறுமலும் போச்சு. "அப்ப இவங்களுக்குக் கால்லதான் வேல" என்றான். சரிதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. உறுமி சுரத்தை இழுத்துக்கொண்டே போகும், வைப்ரஃபோனால் அது முடியாது. பட்டை பட்டைதான், கமகத்துக்கு இடமில்லை. கடினமான கோலைப் பட்டையில் அழுத்தி நகர்த்திச் சுரத்தைக் கொஞ்சம் வளைக்கும் வித்தை ஒன்று இருக்கிறது, அது எப்போதாவது தொட்டுக்கொள்ளும் ஊறுகாய். நம் ஜலதரங்கக்காரர்கள் படும் பாடுதான் இதுவும்.

வரலாற்றிலும் கருவிக்கு உயிர் கொடுத்தது இந்தப் பெடல்தான். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்து லீடி நிறுவனம் 1920-களின் முதல் பாதியில் ஒரு கருவியைச் செய்தது. எஃகுப் பட்டைகள், அடியில் மோட்டாரில் சுழலும் தகடுகள், ஆனால் பெடல் இல்லை. மேடை வேடிக்கை நிகழ்ச்சிகளில் ஒரு விநோத ஒலியாகத்தான் அது பயன்பட்டது. 1927-இல் சிகாகோவின் டீகன் நிறுவனத்தில் ஹென்றி ஷ்லூட்டர் என்பவர் பட்டைகளை அலுமினியத்துக்கு மாற்றிப் பெடலையும் சேர்த்தார். இன்று நாம் பார்ப்பது அந்த வடிவத்தின் வாரிசுதான்.

அதை ஜாஸுக்கு இழுத்து வந்தவர் லயனல் ஹாம்ப்டன், அப்போது டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த இளைஞர். 1930-இல் டிரம்பெட் மேதை லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஒலிப்பதிவு ஒன்றில் வாசிக்கப் போன இடத்தில், ஸ்டூடியோ மூலையில் வைப்ரஃபோன் ஒன்று கிடந்தது. அதை வாசிக்கத் தெரியுமா என்று ஆம்ஸ்ட்ராங் கேட்டார். இவருக்கு ஏற்கெனவே சைலஃபோன் பழக்கம். அன்றே அந்த ஒலி இசைத்தட்டில் ஏறியது. வானொலி நிலையத்து மணியோசைக்கு வைத்திருந்த சாமான் அது என்று சொல்வார்கள். அக்கா மகனின் ஏர்போர்ட் சந்தேகம் அப்படியொன்றும் தப்பில்லை.

இனி மோட்டார். ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு சின்ன வட்டத் தகடு இருக்கும். ஒரு வரிசைத் தகடுகள் எல்லாம் ஒரே தண்டில் கோத்தவை, தண்டை மோட்டார் சுழற்றும். தகடு செங்குத்தாக நிற்கும்போது குழாய் திறந்திருக்கும், ஒலி கூடும். படுக்கையாக வரும்போது குழாய் மூடும், ஒலி குறையும். இது மாறி மாறி நடப்பதால்தான் 'வ்வ்வாங்' என்று அந்த அலை. கருவிக்குப் பெயர் தந்ததே இந்த நடுக்கம்தான். ஆனால் சுரம் இம்மியும் அசைவதில்லை, சத்தம் மட்டும்தான் ஏறி இறங்குகிறது. ஹாம்ப்டன் இதை வேகமாக ஓட விடுவார். அவருக்குப் பின் வந்த மில்ட் ஜாக்சன் மோட்டாரை மிக மெதுவாக்கி, வினாடிக்கு மூன்று சுற்றுக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டார். ஒலி ஒரு மனிதர் பாடுகிற மாதிரி ஆனது. 1952-இல் உருவான 'மாடர்ன் ஜாஸ் குவார்டெட்' குழுவில் கேட்கும் அந்தக் கனிவான ஒலி அவருடையது. எனக்குப் பிடித்தவர் இவர்தான். மெதுவான பாட்டில் இவர் ஒரு சுரத்தைத் தட்டிவிட்டுச் சும்மா நிற்கும் அழகு வேறு யாருக்கும் வரவில்லை என்பது என் கட்சி.

மோட்டாரை அணைத்தால் என்ன ஆகும்? இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் மேல்மாடியில் இப்படி ஒரு மூவர் குழு வாசித்தது. கடை முன்னால் இருக்கும் நடைபாதையில், அதுதான் அஞ்சடி, கருவியைப் பிரித்துப் போட்டு, அந்த ஒடுக்கமான மரப்படியில் ஒவ்வொரு பாகமாகத் தூக்கிப் போனார்கள். தாமதமாகப் போன எனக்குக் கருவியின் பக்கவாட்டில் ஒரு முக்காலி கிடைத்தது. மேலே கைகள் பாதிதான் தெரிந்தன. பெடல், குழாய், தகடு எல்லாம் கண்ணுக்கு நேரே. இரண்டாவது பாட்டின் நடுவில் 'பட்' என்று ஒரு சத்தம். மோட்டாரையும் முன்வரிசைத் தண்டையும் இணைக்கும் ரப்பர் வளையம் அறுந்துவிட்டது. தையல் மெஷின் பெல்ட்டுக்குத் தம்பி மாதிரி ஒரு வளையம்தான். முன்வரிசைச் சுரங்கள் நேராக நின்றன, பின்வரிசை மட்டும் அலைந்துகொண்டிருந்தது. கேட்கச் சிரிப்பாக இருந்தது. வாசித்தவர் நிறுத்தவில்லை. ஒரு கையால் பாட்டைத் தொடர்ந்தபடி மறு கையால் சுவிட்சை அணைத்தார். தண்டுகளை விரலால் திருப்பித் தகடுகளைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு மறுபடி கோலை எடுத்தார். மூன்று, நான்கு வினாடிகள்தான். பேஸ் என்ற பெரிய தந்திக் கருவியை வாசித்தவர் சிரித்துக்கொண்டே அந்த இடைவெளியை நிரப்பினார்.

அதற்குப் பிறகு அறையில் இருந்தது வேறு ஒலி. கண்ணாடி மாதிரி, நடுக்கமில்லாமல், ஒவ்வொரு சுரமும் ஓரம் தெரிய. இதையே தன் பாணியாக்கியவர் கேரி பர்ட்டன். 1960-களிலிருந்து மோட்டார் இல்லாமல், கைக்கு இரண்டாக நான்கு கோல்களால் வாசித்தவர். கோல்களைக் குறுக்காகப் பிடிக்கும் ஒரு முறையே அவர் பெயரால் வழங்குகிறது. பெடல் எல்லாப் பட்டைகளையும் மொத்தமாகத்தான் விடும், மொத்தமாகத்தான் பிடிக்கும். ஒரு சுரத்தை மட்டும் அடக்கி மற்றவற்றை ஓட விட வேண்டுமென்றால், ஒரு கோல் தட்டும்போதே இன்னொரு கோலின் தலையால் பழைய பட்டையைத் தொட்டு அடக்க வேண்டும். கமலான் பிள்ளையின் இடது கை இங்கே திரும்பி வந்துவிட்டது, பாருங்கள். இன்றைய வாசிப்பாளர்கள் பலருக்கு மோட்டார் ஒரு மசாலா. வேண்டும்போது போடுவார்கள்.

சரி, மூன்று பேர் எதற்கு? வழக்கமாக வைப்ரஃபோன், ஆள் உயர டபுள் பேஸ், டிரம்ஸ். ஜாஸ் குழுவில் பியானோ இருந்தால் அது கார்ட்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டம், பாட்டு நிற்கும் தரை. பியானோ இல்லாத மூவர் குழுவில் அந்த வேலையும் வைப்ரஃபோன் தலையில். நான்கு கோல்கள் இருப்பதால் ஒரே நேரத்தில் நான்கு சுரம் வரை எழுப்பலாம். ஆனால் பியானோவுக்குப் பத்து விரல், ஏழு ஸ்தாயிக்கு மேல். இங்கே நான்கு கோல், மூன்று ஸ்தாயி. அதனால் முழுக் கார்டையும் வைக்க மாட்டார்கள், இரண்டு மூன்று சுரத்தைக் காட்டிவிட்டு மீதியை நம் காதுக்கு விட்டுவிடுவார்கள். அடித்தளச் சுரத்தை பேஸ் தருகிறது. அந்த நடை பெரும்பாலும் அடிக்கு ஒரு சுரமாக, படி ஏறி இறங்குகிற மாதிரி இருக்கும். காதைப் பழக்க நினைப்பவர்கள் முதல் முறை பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாம். வழி தவறாது.

டிரம்ஸ்காரருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அவருடைய சிம்பல் தட்டும் உலோகம், வைப்ரஃபோனும் உலோகம். இரண்டும் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஜாதி. அவர் கொஞ்சம் அதிகமாக அடித்தால் வைப்ரஃபோனின் மெல்லிய முடிவுகள் எல்லாம் மூழ்கிவிடும். அதனால் பல இடங்களில் குச்சியை வைத்துவிட்டு, கம்பித் துடைப்பம் மாதிரி இருக்கும் 'பிரஷ்'ஷை எடுப்பார். டிரம்ஸே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் உண்டு. 1950 வாக்கில் ரெட் நார்வோ அமைத்த புகழ்பெற்ற மூவர் குழுவில் வைப்ரஃபோனுடன் டால் ஃபார்லோவின் கிதார், சார்லஸ் மிங்கஸின் பேஸ், அவ்வளவுதான். பின்னாளில் ஜாஸின் பெருந்தலைகளில் ஒருவரான மிங்கஸ், நார்வோ தேடி வந்து அழைத்தபோது லாஸ் ஏஞ்சலிஸில் தபால் துறை வேலையில் இருந்தார். டிரம்ஸ் இல்லாமலேயே அந்தக் குழு தலைதெறிக்கும் வேகத்தில் வாசித்தது.

"அது சரி, என்னத்தான் வாசிக்கிறாங்க? ஆளாளுக்கு இஷ்டத்துக்குப் போற மாதிரி இருக்கு" என்றான் மருமகன். இங்கேதான் ஜாஸ் பலருக்குக் கைநழுவுகிறது. நமக்கு இதற்கு நல்ல பிடி இருக்கிறது: தாளம்.

பழைய ஜாஸ் பாட்டுகளில் பெரும்பாலானவை 32 அளவுகள், ஆங்கிலத்தில் 'பார்', கொண்டவை. அளவுக்கு நான்கு அடி, மொத்தம் 128. ஓர் அடியை ஓர் அட்சரமாக எண்ணி ஆதி தாளம் போட்டால், எட்டு எட்டாகச் சரியாகப் பதினாறு ஆவர்த்தனம். அதற்குள் நான்கு பகுதிகள், பகுதிக்கு நான்கு ஆவர்த்தனம். பெரும்பாலும் முதல் இரண்டும் ஒரே மெட்டு, மூன்றாவது வேறு மெட்டு, நான்காவதில் முதல் மெட்டு திரும்பும். புளூஸ் வகை என்றால் 12 அளவு, அதாவது ஆறே ஆவர்த்தனம். முதலில் மூவரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள், நம் பல்லவி மாதிரி. அப்புறம் அதே சுற்று திரும்பத் திரும்ப ஓடும். மெட்டு போய்விடும், அதன் கீழிருந்த கார்ட் வரிசை மட்டும் நிற்கும். அதன் மேல் ஒவ்வொருவராகக் கற்பனையில் வாசிப்பார்கள். கடைசியில் மெட்டு திரும்ப வரும், பாட்டு முடியும்.

நம் கற்பனை சுரத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், நமக்கு ஒரு ராகத்துக்குள் நின்று தோண்டும் வசதி உண்டு. ஜாஸில் காலடித் தரை அளவுக்கு அளவு மாறலாம். அரை ஆவர்த்தனத்துக்கு ஒரு தடவை ராகம் மாறும் ராகமாலிகையில் கற்பனை சுரம் பாடச் சொன்னால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அந்த வேலை. இந்த ஒப்புமையை ரொம்ப இழுத்தால் கிழிந்துவிடும், ஆனால் தொடங்குவதற்குப் போதும். முடிவுக்குச் சற்று முன் டிரம்ஸும் வைப்ரஃபோனும் நான்கு நான்கு அளவாக மாறி மாறி வாசிப்பது உண்டு. இரண்டிரண்டு ஆவர்த்தனம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் கேள்வி பதில் போடுவதைப் பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: கை தட்டத் தோன்றினால் இரண்டாவது, நான்காவது அடியில் தட்டுங்கள். நம் கை தானாக முதல் அடிக்குத்தான் போகும். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். எனக்கு அனுபவம்.

இந்தப் பினாங்குத் தீவுக்கு ஜாஸ் புதிதல்ல. பினாங்கில் பிறந்த ஜிம்மி பாய்ல் ஜாஸ் காதோடு மலாய்ப் பாட்டுகள் எழுதியவர். இதே ஊரில் பிறந்த மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லியின் பாட்டுகளிலும் அந்த வாடை தாராளமாக உண்டு. 2004-இல் தொடங்கிய பினாங்குத் தீவு ஜாஸ் விழா பல வருடங்கள் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் நடந்தது. கோலாலம்பூரில் ஜாலான் மெசுயில் உள்ள 'நோ பிளாக் டை' இந்த மாதிரிச் சின்னக் குழுக்களுக்கென்றே பெயர் வாங்கிய இடம். நம்மவர் கதை வேண்டுமென்றால் டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசத்தையும் அவருடைய 'ஏசியாபீட்' குழுவையும் தேடிக் கேட்கலாம். சின்ன அறை கிடைத்தால் விடாதீர்கள். வைப்ரஃபோன் பெரிய மண்டபத்துக்கான கருவி இல்லை. பினாங்குப் புழுக்கத்தில் பேஸ்காரரின் மரம் ஊதி உயிரை வாங்கும், அலுமினியம் அதைக் கண்டுகொள்ளாமல் நிற்கும். அதையும் கவனியுங்கள்.

ஆல்பத்துக்கு வருவோம். ஜாஸ் ஆல்பங்கள் பல, மூவரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்து, ஒன்றிரண்டு நாளில் பதிவாகிவிடுபவை. ஒரு பாட்டை மூன்று நான்கு தடவை வாசிப்பார்கள், உயிருள்ள தடவையை வைத்துக்கொள்வார்கள். சிறு பிசகு இருந்தாலும் பரவாயில்லை. பாட்டுப் பட்டியலில் சொந்த உருப்படிகளும் இருக்கும், எல்லாரும் வாசிக்கும் 'ஸ்டாண்டர்ட்'களும் இருக்கும். நம் கச்சேரியில் எல்லாரும் பாடும் தியாகராஜர் கீர்த்தனை மாதிரி. ஸ்டாண்டர்டிலிருந்து தொடங்குங்கள். அதே பாட்டை வேறு நாலு பேர் வாசித்ததைத் தேடிக் கேட்டால் இவர்கள் எதை மாற்றினார்கள் என்று பிடிபடும்.

ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டால் இன்னொன்று கிடைக்கும். வைப்ரஃபோனின் மேல் பெரும்பாலும் இரண்டு மைக் வைப்பார்கள், தாழ்சுரப் பக்கம் ஒன்று, மேல்சுரப் பக்கம் ஒன்று. அதனால் சுரம் ஏற ஏற ஒலி ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நகரும். கோல் ஓடுவது கண்ணை மூடினால் தெரியும். மைக் நன்றாக இருந்தால் பெடல் ஏறி இறங்கும் மெல்லிய 'தப்'பும், அடியில் மோட்டாரின் மூச்சும் கேட்கும். சிலர் இதைக் குறை என்பார்கள். எனக்கு அது இல்லாத பதிவு பிளாஸ்டிக் பூ மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை தட்டெல்லாம் கழுவி வைத்த பிறகு, அவன் அனுப்பிய ஆல்பத்தின் கடைசிப் பாட்டை இருவரும் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டோம். மெதுவான பாட்டு, மோட்டார் இல்லை. மெட்டு திரும்பி வந்தது. பிரஷ் நின்றது, பேஸ் நின்றது. வைப்ரஃபோன் கடைசியாக நான்கு சுரத்தைச் சேர்த்துத் தட்டிவிட்டு விலகியது. மருமகன் காதிலிருந்து கழற்றப் போனான்.

"முடிஞ்சிடுச்சி மாமா."

"இரு. இன்னும் கால எடுக்கல."

அப்படியே உட்கார்ந்திருந்தோம். மேல் சுரங்கள் முதலில் போயின, அடிச்சுரம் மட்டும் நூல் மாதிரி நீண்டது. அப்புறம் 'தப்'.